எனக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தவள்

ஹூஸ்டன் வாசகர், பிப்ரவரி 6, 2024

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறதாம். "எனக்கு இனிமேல் துப்பாக்கி விற்காதீர்கள்" என்று நாமே போய் எழுதிக் கொடுத்துவிடலாமாம். சாக முடிவெடுத்தவன் வரிசையில் நின்று படிவம் நிரப்புவானா? நிரப்பும் அளவுக்குத் தெளிவாக இருப்பவனுக்கு அந்தச் சட்டம் எதற்கு? நான் 12 வருடமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறேன், வாராவாரம் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறேன். எனக்கு இது அரசாங்கம் பெயர்ப் பட்டியல் சேர்க்கிற வேலையாகத்தான் படுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

ஹூஸ்டன் வாசகருக்கு: அந்தப் படிவத்தை நான் நிரப்பியிருக்கிறேன். 2022 அக்டோபரில், வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கோர்ட்டில்.

சாக முடிவெடுத்த அன்றைக்கு யாரும் போகமாட்டார்கள், சரி. நான் நன்றாக இருந்த நாளில் போனேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, போகிற வழியில் காபி வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு டிப்ரஷன் மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றும் பனிக்காலத்தில் தொடங்கியவை. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் இது. அக்டோபரில் தெளிவாக இருப்பவளும் நான்தான், ஜனவரியில் படுக்கையை விட்டு எழாதவளும் நான்தான். அக்டோபர்க்காரிக்கு ஜனவரிக்காரியை நன்றாகத் தெரியும். ஜனவரிக்காரிக்கு அக்டோபர் என்று ஒன்று இருந்ததே ஞாபகம் வராது. அதனால் தெரிந்தவள் போய் எழுதிக் கொடுத்தாள். ஐப்பசியில் மழை வரும் என்று தெரிந்தவர்கள் ஆவணியிலேயே கூரையை மாற்றிவிடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, காலை

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று உணர்ச்சிவசப்பட்டு அதை விட்டுவிட்டேன்.

2018ல் நிறைவேறி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநிலத்தில் எந்த கவுண்டி கோர்ட் கிளார்க்கிடமும் கொடுக்கலாம், நான் நேரில் போய்க் கொடுத்தேன். படம் போட்ட அடையாள அட்டை வேண்டும். காரணம் எழுதவேண்டியதில்லை, டாக்டர் சீட்டும் கேட்பதில்லை. கிளார்க் அன்றைய அலுவல் நேரம் முடிவதற்குள் அதை மாநில போலீசுக்கு அனுப்பவேண்டும். அவர்கள் கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள், கடைக்காரர்கள் விற்பதற்கு முன் பார்க்கிற எஃப்பிஐ பின்னணிச் சோதனைக் கணினியில் ஏற்றவேண்டும். அதற்குப் பிறகு நான் எந்த டீலரிடம் போய் நின்றாலும் விற்பனை மறுக்கப்படும்.

மனம் மாறினால் ஏழு நாள் கழித்து, அதே கவுண்டிக்குப் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். இதில்தான் எனக்குக் கோபம். ஏழு நாள் என்ன கணக்கு? என் மோசமான நாட்கள் ஏழோடு முடிந்ததே இல்லை. எட்டாம் நாள் கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்றால் அது பூட்டா?

ஸ்போகேன் வாசகர், பிப்ரவரி 7

அக்கா, எட்டாம் நாள் வாங்க முடியாது. வேண்டாம் என்று கொடுத்த பிறகு மாநில போலீஸ் பெயரை எடுக்க அவர்களுக்கு இன்னும் ஏழு நாள் வரை அவகாசம் இருக்கிறது. அதோடு இந்த ஜனவரி 1 முதல் வாஷிங்டனில் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் பத்து வேலை நாள் காத்திருக்கவேண்டும். கூட்டிப் பாருங்கள்.

பிப்ரவரி 7, மதியம்

கூட்டிப் பார்த்தேன். முதல் ஏழு நாள், பெயரை எடுக்க ஏழு நாள் வரை, அப்புறம் பத்து வேலை நாள் என்றால் இரண்டு வாரம். மூன்று வாரத்துக்குக் குறையாது, நாலு வாரம்கூட ஆகலாம். காலையில் நான் எழுதியது தப்பு. நான் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பத்து நாள் சட்டம் இல்லை, அது வந்ததை நான் கவனிக்கவில்லை. நன்றி தம்பி.

ஆனாலும் அந்த ஏழு நாள் குறைவு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒரு வருடத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்ட எனக்கு முதல் ஏழு நாள் எப்போதோ தீர்ந்துபோனது. இன்றைக்கு என் கணக்கு, பெயரை எடுக்கிற நாட்களும் அந்தப் பத்து நாளும் மட்டும்தான். வர்ஜீனியாவில் 2021 ஜூலையிலிருந்து இதே மாதிரி பட்டியல் இருக்கிறது. அங்கே பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் 21 நாள் கழித்துத்தான் எடுப்பார்கள். எப்போது கேட்டாலும் 21 நாள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. யூட்டாவும் 2021ல் கொண்டுவந்தது. அங்கே 180 நாளில் தடை தானாக முடிந்துவிடும், 30 நாளுக்குப் பிறகு முன்னதாகவே விலகக் கேட்கலாம். யூட்டா துப்பாக்கி வைத்துக்கொள்வதை விரும்புகிற மாநிலம் என்பதை ஹூஸ்டன்காரர் கவனிக்கவேண்டும்.

பிப்ரவரி 7, இரவு

பட்டியல் பயம் பற்றி. அந்தப் பயம் நியாயமானது. எனக்கும் இருந்தது. வேலையில் தெரிந்துவிடுமா, நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்குமா என்றெல்லாம் யோசித்து மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். சட்ட வாசகத்தைப் படித்த பிறகுதான் போனேன். அதில் எனக்குத் தைரியம் கொடுத்தவை இவை: இந்தப் பதிவைப் போலீசைத் தவிர யாருக்கும் காட்டக்கூடாது. வேலை கொடுக்கவோ உதவித்தொகை கொடுக்கவோ இதில் கையெழுத்துப் போடு என்று யாரும் நிபந்தனை வைக்கக்கூடாது. எந்த வழக்கிலும் கோர்ட் இதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. விலகினால் பதிவுகளை அழித்துவிடவேண்டும். விவாகரத்து வழக்கில் குழந்தை யாரிடம் என்கிற சண்டை வந்தால், "இவள் எழுதிக் கொடுத்தவள்தானே" என்று எதிர்த்தரப்பு கேட்கமுடியாது. ஒரு தாயாக எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 8

எதற்காகப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

இரண்டாவது தடவை மனசு கெட்டது 2020 டிசம்பரில். அப்போது நான் ஹெச்1பி விசாவில் இருந்தேன். அந்த விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விற்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஒரு பூட்டு என்னைச் சுற்றி இருந்தது, அவ்வளவுதான். 2021 கடைசியில் கிரீன் கார்டு வந்தது. எல்லோருக்கும் பாயசம் வைத்துக் கொடுத்தேன். அந்த அட்டையோடு அந்தப் பூட்டும் திறந்துகொண்டது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது.

2022 பிப்ரவரியில் மகளுக்கு ஷூ வாங்க ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். ஷூ பகுதிக்குப் பின்னால், தூண்டில்களையும் கூடாரங்களையும் தாண்டி, கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளை விளக்கு, பச்சை நிற ஃபெல்ட் துணி, ஒவ்வொன்றின் மேலும் நூலில் கட்டிய விலைச் சீட்டு. நகைக்கடை மாதிரியே இருந்தது. நான் ஒரு கையில் மகளின் ஷூ பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கவுண்டரில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "முதல் தடவையாம்மா? பாதுகாப்புக்கா?" என்கிற தொனியில் அன்பாகத்தான் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது மகள் வந்து "இது கடிக்குது, அடுத்த சைஸ் வேணும்" என்றாள். ஷூவை மாற்றப் போனோம். திரும்ப அந்தப் பக்கம் வரவில்லை.

அன்றிரவே டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். மாத்திரை மாற்றினார்கள், வாரம் ஒருமுறை பேச வைத்தார்கள். மே மாதம் தேறிவிட்டேன். ஆனால் அந்தக் கடைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு நான் தலையாட்டியது மனசிலேயே நின்றது. அடுத்த சைஸ் கேட்க மகள் எல்லா நாளும் வரமாட்டாள் இல்லையா.

பிப்ரவரி 8, சிறிது கழித்து

நிறையப் பேர் தனிச்செய்தியில் விசாரித்தீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் குளிர்காலம் லேசாகவே போகிறது. இதைப் படிக்கிற யாருக்காவது இன்றைக்கு மோசமான நாள் என்றால்: அமெரிக்காவில் 988க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். முதலில் அழையுங்கள், இந்த இழையை அப்புறம் படிக்கலாம்.

ஹூஸ்டன் வாசகர், பிப்ரவரி 9

சகோதரி, நான் கேட்ட தொனிக்கு மன்னியுங்கள். ஆனாலும் என் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. சாகவேண்டும் என்று நினைத்தவன் இந்த வழி அடைத்தால் வேறு வழி பார்ப்பான், இல்லையா? அப்புறம் எல்லை தாண்டி பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போனால்?

பிப்ரவரி 9

மன்னிப்பெல்லாம் வேண்டாம், நீங்கள் கேட்டதால்தான் நான் எழுதினேன்.

ஐடஹோ விஷயம் எளிது. கைத்துப்பாக்கியை வெளிமாநில டீலர் என் கையில் கொடுக்க முடியாது, என் மாநில டீலருக்குத்தான் அனுப்பவேண்டும். ரைபிள், ஷாட்கன் கொடுக்கலாம், ஆனால் விற்பனை இரண்டு மாநிலச் சட்டத்துக்கும் பொருந்தவேண்டும், அங்கேயும் அதே எஃப்பிஐ சோதனைதான். வாஷிங்டனில் தனியார் கைமாற்றுக்கும் 2014 வாக்கெடுப்பிலிருந்து சோதனை உண்டு. ஐடஹோவில் அது கிடையாது. அந்த ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

"வேறு வழி பார்ப்பான்" என்பதை ஊரிலும் எல்லோரும் சொல்வார்கள். நான் உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அது அப்படி வேலை செய்வதில்லை. அது அலை மாதிரி வந்து போகிறது. ஹூஸ்டனிலேயே, உங்கள் ஊரிலேயே, உயிர்போகும் அளவுக்கு முயன்று பிழைத்த 153 இளைஞர்களிடம் கேட்டார்கள், 2001ல் வெளியான ஆய்வு. முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இல்லை என்று நாலில் ஒருவர் சொன்னார். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழ்ந்துவிடுகிறார்கள். துப்பாக்கி இரண்டாவது யோசனைக்கு இடம் வைப்பதில்லை என்பதுதான் அதோடு எனக்குள்ள வழக்கு.

இஸ்ரேல் ராணுவத்தில் 2006ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது பெரும்பாலும் வார இறுதியில்தான். வார நாட்களில் அது கூடவில்லை. வேறு வழி பார்ப்பார்கள் என்பது உண்மையாக இருந்தால் கூடியிருக்கவேண்டும்.

கடலூர் வாசகி, பிப்ரவரி 10

இங்கே துப்பாக்கி இல்லை, ஆனால் எங்களுக்கு இந்தக் கதை தெரியும். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஊருக்குப் பொதுவாக அறை கட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்க.

பிப்ரவரி 10

ஆமாம், அது தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் செய்தது. நாலு கிராமத்தில் இரண்டில் அறை கட்டிப் பார்த்தார்கள். கட்டிய ஊர்களில் தற்கொலை குறைந்தது, 2013ல் ஆய்வாக வெளிவந்தது. தூரம் வைத்தால் போதும் என்று நம் ஊரிலேயே நிரூபித்ததை நான் அமெரிக்காவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்ததும் என் சித்தி ஞாபகம் வந்துவிட்டாள். காவிரியில் தண்ணீர் வராத 2002ல் சித்தப்பாவுக்குக் கூட்டுறவுக் கடனும் வட்டிக் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. சித்தி ஒருநாள் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருந்த மருந்து டப்பாக்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி எதிர்வீட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் கூட நின்றேன். "அவர் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க" என்றாள். அத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. சாக்கை வாங்கி நெல் பத்தாயத்துக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த குறுவைக்கு மருந்து அடிக்கவேண்டி வந்தபோது அத்தையே வயலுக்குக் கொண்டுவந்து, அடித்து முடிக்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்து, மீதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

"நான் வந்து கேட்டாலும்." எங்கள் கவுண்டி படிவத்தில் இருப்பதும் அந்த ஒரு வரிதான்.

சிங்கப்பூர் வாசகி, பிப்ரவரி 10

தீபாவளி சமயத்தில் எனக்கு நகை விற்காதீர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தால் என் வீட்டுக்காரர் முதல் ஆளாக என்னைக் கூட்டிக்கொண்டு போவார்! கிண்டல் போகட்டும், எங்கள் ஊரில் கசினோவுக்கு இப்படி ஒரு பட்டியல் உண்டு. என் மாமா அதில் இருக்கிறார்.

பிப்ரவரி 10, இரவு

சிரித்துவிட்டேன், வீட்டிலும் படித்துக் காட்டினேன்.

கசினோ பட்டியலைத்தான் இந்தச் சட்டத்துக்கு மாமன் மச்சான் என்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் மிசௌரி 1996லேயே ஆரம்பித்தது, சூதாட்டத்தை விடமுடியாதவர் தானே பெயரைக் கொடுத்து உள்ளே வராமல் தடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் 2010ல் கசினோ திறந்தபோது ஒரு படி மேலே போனது. தானே பெயர் கொடுக்கலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம், திவாலானவர்களுக்குத் தானாகவே தடை.

குடும்பம் கொடுப்பது துப்பாக்கி விஷயத்தில் வேறு சட்டம். வாஷிங்டனில் 2016லிருந்து, ஆபத்து என்று குடும்பமோ போலீசோ கோர்ட்டில் மனுப் போட்டால் நீதிபதி துப்பாக்கியை எடுத்து வைக்க உத்தரவிடலாம். அதுவும் வேண்டும். ஆனால் அது மற்றவர்கள் என்மேல் வைக்கிற பூட்டு. என்னை நானே கட்டிக்கொள்வதற்கும் பிறர் கட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையைத் தாண்டமாட்டான், குடிக்கமாட்டான். யாரும் அவனை அடைத்து வைக்கவில்லை. மஞ்சள் கயிறு கையில் இருக்கும் வரை அவனுக்கு ஒரு மரியாதைகூட உண்டு. "காப்புக் கட்டியிருக்கேன்" என்றால் கள்ளுக்கடை நண்பனும் வற்புறுத்தமாட்டான். இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அந்த மரியாதை கிடைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதில் யோசனை வரவே ஒன்று சேர்க்கிறேன். இந்த எண்ணத்தைச் சட்டமாக முன்வைத்தவர் அலபாமா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃபிரெட்ரிக் வார்ஸ். தனக்கு பைபோலார் என்ற மனநோய் இருப்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதாவது இது நோயாளிகளைப் பார்த்துப் பயந்தவர்கள் போட்ட திட்டம் இல்லை. மனநல சிகிச்சையில் இருந்த 200 பேரிடம் அவரும் மருத்துவர்களும் கேட்டபோது 46 சதவீதம் பேர் எழுதிக் கொடுப்போம் என்றார்கள். அதுவும் அலபாமாவில்! படிவம் நிரப்புவானா என்று கேட்டீர்களே, கிட்டத்தட்ட பாதிப்பேர் நிரப்புவோம் என்கிறார்கள். நிரப்ப இடம்தான் இல்லை. இதையே நாடு முழுக்கக் கொண்டுவர 'டோனாவின் சட்டம்' என்ற பெயரில் போராடுகிறவர், 2018ல் நியூ ஆர்லியன்ஸில் தாயை இழந்த ஒரு மகள்.

இருக்கும் இடத்திலும் ஆள் போவதில்லை, அதையும் சொல்லவேண்டும். நான் போன அன்று கவுண்டரில் இருந்த இளம்பெண்ணுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியவில்லை. உள்ளே போய், இன்னொருவரைக் கூட்டிவந்து, அவர் கணினியில் தேடி அச்சடித்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் சுவரோரம் நின்றேன். எனக்குப் பின்னால் பார்க்கிங் அபராதம் கட்ட வந்தவர்கள். படிவம் வந்ததும் சங்கிலி போட்ட பேனாவால் நின்றபடியே எழுதினேன். அந்தப் பெண் என் டிரைவிங் லைசென்ஸ் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்திரை குத்தினாள். அப்புறம் மெதுவாக "இதை நானும் தெரிந்துகொண்டது நல்லது" என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

என் டாக்டர் இதைப்பற்றி எனக்குச் சொல்லவில்லை, நான்தான் அவருக்குச் சொன்னேன். மனநல மருத்துவரின் மேஜைமேல் இந்தப் படிவம் இருக்கவேண்டும். கோர்ட் என்றால் நம் ஆட்களுக்கு உள்ளங்கால் வேர்க்கும்.

பிப்ரவரி 12

இன்றைக்கு வீட்டில் நடந்தது. என் கணவர் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டது அவருக்கு இதுவரை தெரியாது.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. நான் விலகினால் கிளார்க் யாருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று ஒருவர் பெயரைக் கொடுக்கலாம், கட்டாயமில்லை. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் உயிரே அந்தக் கட்டம்தான். ஏழு நாளைவிட, இருபத்தோரு நாளைவிட அதற்குத்தான் பலம். நான் விலகிய அன்றே ஒருவருக்குத் தகவல் போகும், அவர் என் கதவைத் தட்டுவார். அதில் நான் எழுதியது பாத்தல் ஊரில் இருக்கும் என் தோழியின் பெயரை.

"என் பேரை ஏன் போடலை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

உண்மையைச் சொன்னேன். "நான் அழுதா நீங்க நம்பிடுவீங்க. சும்மாதான் பேரை எடுத்தேன், எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா விட்டுடுவீங்க. அவ விடமாட்டா." எதிர்வீட்டு அத்தை மாதிரி ஆள் அவள். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றார். பிறகு தோழிக்கு போன் போட்டு, அப்படி ஏதாவது தகவல் வந்தால் அடுத்த நிமிடம் எனக்கும் சொல்லு என்று கேட்டுக்கொண்டார். எனக்கு எதிரிலேயே பேசினார்.

ஹூஸ்டன் வாசகர், பிப்ரவரி 13

நான் ஒன்று சொல்லாமல் இருந்தேன். இரண்டு வருடம் முன்பு ரேஞ்ச் நண்பன் ஒருவன், விவாகரத்து ஆன சமயம், தன் மூன்று துப்பாக்கியையும் கொண்டுவந்து என் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போனான். "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றான். நான் ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு அரசாங்கப் பட்டியல் இப்போதும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13

பிடிக்கவேண்டாம். நீங்கள் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்தீர்களே, அது போதும் எனக்கு.

ஒன்று மட்டும். உங்கள் டெக்சாஸில் இந்தப் பட்டியல் இல்லை. உங்கள் நண்பர் பெட்டகத்தில் இருப்பதை விட்டுவிட்டு நாலாவதாக ஒன்று வாங்க நினைத்தால் அவரை நிறுத்த எதுவும் கிடையாது. இங்கே அதற்கு நேர்மாறான குறை: வாஷிங்டன் பட்டியல் கடையில் வாங்குவதைத் தடுக்கும், ஆனால் ஏற்கெனவே அலமாரியில் இருப்பதை யாரும் வந்து எடுத்துப்போகமாட்டார்கள். புதிதாக வாங்கிய முதல் வாரம்தான் மிக ஆபத்தானது என்று கலிஃபோர்னியாவில் கண்டிருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் வாங்கியவர்களிடையே துப்பாக்கியால் தற்கொலை பொது விகிதத்தைப்போல் 57 மடங்கு, 1999ல் வெளியான ஆய்வு. ஆனாலும் பெரும்பாலான சாவுகள் வருடக்கணக்காக வீட்டில் இருக்கும் துப்பாக்கியால்தான். அதற்கு உங்கள் பெட்டகம்தான் வழி. இரண்டும் வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயரில் 2009ல் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் இறந்துபோனார்கள். அந்தக் கடைக்காரரே மனசு கேட்காமல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, வாங்க வருகிறவரிடம் எதைக் கவனிப்பது என்று மற்றக் கடைக்காரர்களுக்கும் எடுத்துச் சொன்னார். 2021ல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் வீட்டுச் சாவுகள் இவை. அதனால் உங்களை மாதிரி ஆட்கள் பேசினால்தான் எடுபடும். நான் பேசினால் வெளியூர்க்காரி பேசுகிறாள் என்பார்கள்.

உங்கள் நண்பருக்கு போன் செய்து பேசுங்கள். துப்பாக்கியைப் பற்றி வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

டகோமா வாசகர், பிப்ரவரி 15

செவ்வாய்க்கிழமை நானும் போகலாம் என்றிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்?

பிப்ரவரி 15

டிரைவிங் லைசென்ஸ் போதும். படிவத்தை முன்னாடியே அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள், கவுண்டரில் தேடவைக்கவேண்டாம். காலையிலேயே போனால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அந்தத் தொடர்புக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எழுத ஆள் இல்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், என் பெயரை எழுதிக்கொள்ளலாம். நான் டகோமாவிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான்.